நாலாவது படியில் நான் நிறுத்திய பெண்

கர்நாடகாவில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் என்னைத் தெரியாத ஆளே கிடையாது என்று இப்போது மகனோடு இருக்கும் அமெரிக்க ஊர் காப்பெல் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். வாக்கிங் வரும் அங்கிள்கள், மகனோடு வேலை பார்ப்பவர்கள், எனக்கு முடி வெட்டுகிறவர், யாரையும் விட்டு வைக்கவில்லை. பொய். அந்த ஊரில் என்னைத் தெரிந்தது மொத்தம் மூன்று பேருக்கு. லாட்ஜ் வாட்ச்மேன், டீக்கடைக்காரர், அப்புறம் ஒரு நாய். நாய்க்கும் கடைசியில் என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். இரண்டாவது தடவை வாத்தியாரே "போதும்ப்பா, நீ போய் வேற எதாவது பாரு" என்றார். பார்த்தேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு டூரிஸ்ட் வேனில் டிரைவராகப் போனேன். அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வேனின் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. முதலாளி "ஆளனுப்பறேன், அங்கேயே இரு" என்றார். இரண்டு வருஷம் இருந்தேன். ஆளும் வரவில்லை, இன்ஜினும் எழவில்லை.

நம்ம ஊரிலிருந்து கடற்கரைக் கோயில்களுக்குப் போகும் யாத்திரை பஸ்கள் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்கும். சாப்பிட்டவர்கள் பல்லைக் குத்திக்கொண்டு "இங்க பாக்கறதுக்கு என்னப்பா இருக்கு?" என்று கேட்பார்கள். தமிழ் பேசுகிற ஒரே சோம்பேறி நான்தான். அப்படித்தான் கைடு ஆனேன்.

இருந்தது நாலே இடம். மூன்று சுவரும் ஒரு வாசலும் மிச்சமிருந்த கோட்டை. தட்டினால் மணி மாதிரி சத்தம் கொடுக்கும் ஒரு பாறை. கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருக்கும் ஆஞ்சநேயர். பிறகு ஏரி. பெரிய ஏரி, கருங்கல் படிகள், நடுவில் ஒரு கல் மண்டபம். யார் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் தினம் ஒரு ராஜாவைக் கட்டச் சொன்னேன். திங்கட்கிழமை கட்டிய ராஜாவை வியாழக்கிழமை ராஜா தோற்கடிப்பார். ஆஞ்சநேயர் பொய்யைக் கேட்டால் கண்ணை நம் பக்கம் திருப்புவார் என்பேன். நான் சொல்லும்போது ஒரு தடவையும் திருப்பியதில்லை. பாவம், அவருக்கும் பழகிவிட்டது.

சீக்கிரமே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். இடத்தைக் காட்டினால் ஜனங்கள் தலையை ஆட்டுவார்கள். அந்த இடத்தில் ஒருவர் செத்தார் என்றால்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அதனால் கோட்டை வாசலில் ஒருவரைக் கொன்றேன். பாறையடியில் ஒரு ராணியைப் புதைத்தேன். எப்படிச் செத்தார்கள் என்பதில் சின்னதாக ஒன்று சேர்க்க வேண்டும். வலது காலில் மட்டும் கொலுசு இருந்தது என்கிற மாதிரி. அந்தச் சின்னது இருந்தால் பெரியதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கேள்வி கேட்ட ஒரே ஆள் ஏரித் தெருவில் இருந்த ஒரு பெண். புருஷன் ஸ்கூலில் கிளார்க். இடுப்பில் ஒரு குழந்தையோடு அந்தப் பக்கம் போவார். நான் கதை விட்டுக்கொண்டிருந்தால் நின்று கேட்பார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பிறகு கன்னடத்தில், பஸ் ஜனங்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில், "நேத்து இந்த ராஜாவுக்கு வேற பேரு சொன்னியே, சுள்ளுகாரா" என்பார். சுள்ளு என்றால் பொய். பஸ் ஜனங்கள் "அந்தம்மா என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். "ராஜ வம்சத்துப் பொண்ணுங்க, எல்லாம் கரெக்ட்டா சொல்றேன்னு பாராட்டுறாங்க" என்பேன்.

ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸைப் பார்த்து, "இதெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டார்.

"சொர்க்கத்துக்குங்கம்மா. நடுவுல கடல்கிட்ட ஒரு ஸ்டாப்."

"ஒத்தப் பொம்பளைய ஏத்துவாங்களா?"

"வடை சுடத் தெரிஞ்சா ஏத்துவாங்க," என்றேன். என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொண்டேன். அவர் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் மழை கொட்டியது. பல வருஷம் கழித்து ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தது. ஏரி நிரம்பினால் அந்த ஊர்ப் பெண்கள் பாகினம் விடுவார்கள். ஒரு முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, கண்ணாடி, ரவிக்கைத் துணி, அரிசி, வெல்லம் எல்லாம் வைப்பார்கள். இன்னொரு முறத்தால் அதை மூடி, நிறைந்து வந்த தண்ணீருக்குச் சீர் கொடுக்கிற மாதிரி மிதக்க விடுவார்கள். ஊரே படிகளில் நின்றது. நான் பார்க்கவில்லை. லாட்ஜுக்குப் பின்னால் சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சத்தம் கேட்டு வந்தேன். படியில் ஒரு ஜோடி முறம், தண்ணீரில் விடாமல் அப்படியே இருந்தது. கிளார்க்கின் மனைவியைக் காணோம். குழந்தை பக்கத்து வீட்டில் இருந்தது. "யாராவது பாத்தீங்களா? யாராவது பாத்தீங்களா?" என்று எஸ்.ஐ. கேட்டுக்கொண்டே வந்தார்.

"நான் பாத்தேன் சார்," என்றது என் வாய்.

எதற்காகச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கூட்டம் நின்றது, எல்லோரும் ஏரியைப் பார்த்தார்கள், நான் கைடு. அவ்வளவுதான். எஸ்.ஐ. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். காபி வந்தது. இரண்டு வருஷத்தில் அந்த ஊரில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

"நாலாவது படியில நின்னாங்க சார். ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் இறங்கிட்டாங்க."

அந்தச் சின்னது. நாலாவது படி. திரும்பிப் பார்த்தது.

ஆள் இறங்கித் தேடினார்கள். தண்ணீர் கலிங்கு தாண்டி வயலெல்லாம் போயிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பார்த்த சாட்சி இருக்கிறதே, அதனால் வேறு எங்கேயும் யாரும் தேடவில்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்கவில்லை. எந்த டிரைவரிடமும் கேட்கவில்லை. அவர் பஸ்ஸைப் பற்றி என்னிடம் கேட்டது அப்போது என் ஞாபகத்துக்கே வரவில்லை. என் கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்துப் புருஷன் என்னைத் தேடி வந்தார். கீழே பார்த்துக்கொண்டே, "திரும்பிப் பார்த்தப்போ அழுதாளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. சிரிச்சாங்க," என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் மதுரையிலிருந்து ஒரு பஸ் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதையும் டூரில் சேர்த்துவிட்டேன். நாற்பது பேரும் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் படியைவிட்டு நகரவில்லை. "தம்பி, கீழ ஒரு பொண்ணு நின்னு நம்மளையே பாக்குதே" என்றார். வெயிலடிக்கும் பட்டப்பகல். கீழே தண்ணீர்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஏரி வற்றியது. ஒவ்வொரு படியாக வெளியே வந்து காய்ந்தது. நாலாவது படி மட்டும் என் கண்ணுக்குக் காயவில்லை. நடுமதியத்தில் போய்க் கையால் தொட்டுப் பார்ப்பேன், காய்ந்திருக்கும். கையை எடுத்துவிட்டுப் பார்ப்பேன், ஈரமாக இருக்கும். நான் கட்டிய பேய்க்கு நானே பயந்து, வேனை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். வேன் முதலாளி இன்னும் என்னைத் தேடுகிறாரா தெரியவில்லை.

பிறகு கல்யாணம், லாரி, ஒரு மகன். அவன் என்னை மாதிரி இல்லாமல் படித்தான். மனைவி போன பிறகு என்னை இங்கே கூட்டி வந்துவிட்டான். முதலில் பக்கத்து ஊரான இர்விங்கில் ஒரு அபார்ட்மென்ட், இப்போது காப்பெலில் வீடு. காலையில் பேரனைப் பஸ் ஏற்றுவேன், நடப்பேன், அங்கிள்களிடம் பொய் சொல்வேன், சாப்பிடுவேன்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் சேர்வதற்கென்று வெட்டிய ஒரு குளம் இருக்கிறது. நடுவில் ஃபவுண்டன், ஓரத்தில் வாத்து, இறங்க மூன்று சிமெண்ட் படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வசந்த காலத்தில் நாலு நாள் விடாத மழை. விட்ட மறுநாள் காலை நடக்கப் போனேன். குளத்தில் ஒரு ஜோடி முறம் மிதந்தது. மேல் முறத்தில் மஞ்சள் பொட்டு.

கால் நின்றுவிட்டது. எனக்கே விசா கிடைக்க அத்தனை அலைச்சல், இதற்கு எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் தோன்றியது. அப்போதும் ஜோக். பயத்தில் எனக்கு வேறு எதுவும் வராது.

படியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பட்டுப்புடவை, மேலே ஜாக்கெட், காலில் ஷூ. மூன்று படிக்குக் கீழே, தண்ணீர் ஓரமாக, கடையில் வாங்கிய ஒரு சிமெண்ட் பலகை போட்டிருந்தது. அதன்மேல் நின்றிருந்தாள். எண்ணிப் பார்த்தேன். நாலு.

அவள் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஐ.டி. வேலை. கோயம்புத்தூர்க்காரப் புருஷன், அதனால் அவளுக்குத் தமிழ் வரும், புருஷனிடம் கற்ற 'ங்க'வோடு. எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். என் வாய் சும்மா இருக்குமா? "அட, அந்த ஊர்ல என்னைத் தெரியாத ஆளே கெடையாதும்மா!"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "நிஜமாங்களா அங்கிள்? நான் மூணு வயசுல அங்கேர்ந்து பெங்களூருக்குப் போயிட்டேன். ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்க. எங்க அம்மா அந்த ஏரியிலதான் போனாங்க. பாகினம் விட்ட அன்னிக்கு. ஒருத்தர் பாத்தாராம். நாலாவது படியில நின்னு, திரும்பிப் பாத்து, சிரிச்சாங்களாம். அப்பா சாகற வரைக்கும் அதையேதான் சொல்லுவாருங்க."

நான் வாத்தைப் பார்த்தேன். வாத்து என்னைப் பார்த்தது.

"நாலாவது படி வேணும்னுதான் இந்தப் பலகையை வாங்கிப் போட்டேன்," என்றாள். "எச்.ஓ.ஏ., இந்தக் காலனி சங்கத்துலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. எடுக்கணுமாம். நான் எடுக்க மாட்டேங்க."

அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் நான் கைடு. அவள் சமையலறை மேடையில் உப்பு டப்பா கோட்டை, குக்கர் மணிப்பாறை, சிங்க் ஏரி. இந்தத் தடவை ராஜாவெல்லாம் கிடையாது. எந்தச் சந்தில் வெண்ணெய் விற்பார்கள், லாட்ஜ் வாசலில் என்ன மரம், எல்லாம் உள்ளதை உள்ளபடி. அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். அவள் மகளுக்கு எட்டு வயது, தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். ஒருநாள் கிண்ணத்தில் பால் ஊற்றிச் சீரியல் தின்றுகொண்டே என்னைக் கேட்டது: "டிட் ஷி ரியலி ஸ்மைல், தாத்தா?"

"கொஸ்டின் புரியலடா கண்ணு," என்றேன். புரிந்திருந்தது.

அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் நடப்பேன். ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் பட்டு அது நனைந்திருக்கும். ஸ்பிரிங்க்ளர்தான் என்று எனக்குத் தெரியும். ஸ்பிரிங்க்ளர் ரிப்பேராகி நின்ற வாரத்திலும் நனைந்திருந்தது. நான் நடக்கும் பாதையை மாற்றிக்கொண்டேன். மாற்றிய பாதையிலும் முதுகுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திச் சிரிக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். திரும்பிப் பார்ப்பது என் கதையில் அவர் செய்தது.

போன மாதம் அவள் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். அந்த ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததாம். கடலோரத்தில் ஆதரவில்லாத பெண்களுக்கான ஒரு ஹோம். அங்கே ஒரு வயதான அம்மா, பல வருஷமாக இருக்கிறார், பேச்சு ரொம்பக் குறைவு. இப்போது உடம்பு முடியாமல் கிடக்கும்போது ஒரே ஒரு ஊர்ப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். உங்கள் ஊரில் யாருக்காவது இவரைத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"போய்ப் பாருன்னு இவரு சொல்றாரு," என்றாள் புருஷனைக் காட்டி.

"ஒரு தடவை பாத்துட்டு வரதுல என்ன இருக்கு? டிக்கெட் போடறேன்னு சொல்றேன்," என்றார் அவர். "அங்கிள், நீங்களாவது சொல்லுங்க."

"எதுக்குங்க? கண்ணால பாத்தவரு இருக்காரே. இது வேற யாரோ. 'நாட் அவர்ஸ்'னு பதில் போட்டுடறேன்." அவள் டைப் பண்ண ஆரம்பித்தாள்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "போடாதம்மா. அந்த ஆள் சுள்ளுகாரன்."

"எந்த ஆளு?"

"பாத்தேன்னு சொன்னவன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?"

"ரொம்ப வருஷமா கூடவே இருக்கேன்மா. காலையில ஷேவிங் பண்ணும்போது தினமும் பாக்கறேன்."

புருஷனுக்கு முதலில் புரிந்தது. எழுந்து அடுப்பை அணைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, நாற்காலி, காபி, சிரிச்சாங்க என்றது. பஸ் எங்கே போகும் என்று அவள் அம்மா கேட்டது. அந்தப் பஸ்கள் கடற்கரைக்குப் போனவை என்பது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "செத்துட்டாங்கன்னா எனக்கு ஒரு அம்மா இருந்தாங்க அங்கிள்," என்றாள். "பஸ் ஏறிட்டாங்கன்னா? என்னைப் பக்கத்து வீட்ல விட்டுட்டுப் பஸ் ஏறிட்டாங்கன்னா, எனக்கு என்ன இருந்தது?"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என்னால் ஒரு பதிலைக் கட்ட முடியவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள்.

போனேன். பத்து நாள் அவர்கள் கதவு எனக்குத் திறக்கவில்லை. மகனும் மருமகளும் என்ன விஷயம் என்று கேட்டார்கள். அவர்களிடமும் சொன்னேன். மகன் காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். மருமகள்தான், "எழுதி வைங்க மாமா, பேசினா நீங்க ஜோக் அடிச்சுடுவீங்க" என்றாள். எழுதினாலும் அடிக்கிறேன் என்பது அவளுக்கு இனிமேல்தான் தெரியும்.

மூன்று நாளுக்கு முன்னால் அந்தப் பெண் இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்று அவள் புருஷன் சொன்னார். நேற்று அவளிடமிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அங்கிள், இங்க வந்துட்டேன். இவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டிருக்காங்க. ஆனா எல்லாரோட கையையும் அப்படித்தான் புடிப்பாங்கன்னு நர்ஸ் சொல்றாங்க. வீட்ல இருக்கற ஒரே கல்யாண போட்டோவுல அம்மா தலை குனிஞ்சிருக்காங்க. ஊர்ல விசாரிச்சேன், முகம் ஞாபகம் இருக்கறவங்க யாரும் மிச்சமில்ல. நீங்க தினமும் பாத்தேன்னு சொன்னீங்க. அதுவாவது நிஜமா? நாளைக்குக் காலையில உங்க டைம் எட்டு மணிக்கு வீடியோல காட்டறேன். பாத்துச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

அது நிஜம். தினமும் பார்த்தேன். ஆனால் இந்தக் காலையில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து அந்த முகத்தைக் கொண்டுவரப் பார்க்கிறேன், வருவது நாலாவது படியில் திரும்பும் முகம். அது நான் செய்தது. நாற்பது பேருக்கு, பிறகு இன்னும் நாற்பது பேருக்கு என்று சொல்லிச் சொல்லி மெருகேற்றியது. கண் பெரிதாக, பொட்டு வட்டமாக, சினிமாவில் வருகிற மாதிரி. அந்த முகத்துக்கு அடியில் ஒரு சாதாரண முகம் இருக்கிறது, எனக்குத் தெரியும், தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி. அது மேலே வரமாட்டேன் என்கிறது.

'ஆமாம், உங்க அம்மாதான்' என்று சொல்வது எனக்கு ரொம்பச் சுலபம். அவள் அழுவாள், சிரிப்பாள், எல்லோரும் எனக்கு நாற்காலி போடுவார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. 'இல்லை' என்றால் அவள் அந்தக் கிழவியின் கையை விட்டுவிட்டு இங்கே திரும்பிவிடுவாள். 'தெரியாது' என்ற சொல்லை நான் எந்தச் சுற்றுலாவிலும் சொன்னதில்லை.

நிஜமாகப் பார்த்த ஒரு மதியத்தையாவது பிடிக்கப் பார்க்கிறேன். மணிப்பாறைக்குப் பக்கத்தில் நின்றார். ராஜா இல்லை, ராணி இல்லை, பஸ்ஸும் அன்று வரவில்லை. குழந்தை பாறையைத் தட்டியது, சத்தம் வந்தது, அவர் முந்தானையை எடுக்க மறந்து சிரித்தார். வாயைப் பொத்தாமல் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அப்போது பார்த்தேன், இடது கன்னத்தில், இல்லை, வெயில் எனக்கு எதிரில் இருந்தது, அப்படியென்றால் வலது கன்னத்தில்தான், காதுக்குக் கீழே ஒரு

"மாமா! போன் அடிக்குது. அவங்கதான், வீடியோ. சீக்கிரம் வாங்க!"